மூலையில் நின்ற கிட்டார்

ஜூலை 28, ஞாயிறு

இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். எழுதிய வரியை அடிக்க மாட்டேன், பக்கத்தைக் கிழிக்க மாட்டேன். இப்படிக்கு, பிரிசில்லா, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, பெரம்பூர்.

இந்த டைரி கிளை நூலகக் கட்டுரைப் போட்டியில் எனக்குக் கிடைத்த இரண்டாம் பரிசு. பாதி வருடம் முடிந்த பிறகு டைரியைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். முதல் பரிசு வாங்கியவனுக்கு டிபன் கேரியர். எனக்கு வருத்தம் இல்லை. (உண்மையை எழுத வேண்டும் என்பதால்: கொஞ்சம் வருத்தம்தான்.)

எங்கள் வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அப்பா கப்பலில் இருக்கிறார். அம்மா ரயில்வே டிக்கெட் கவுண்டரில் வேலை செய்கிறாள். அம்மாவின் தங்கை செலின் சித்தி எங்களோடு இருக்கிறாள். சித்தி லீட் கிட்டார் வாசிப்பவள். சினிமாப் பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் ஒதுங்கிக்கொள்ள, கிட்டார் மட்டும் தனியாகப் பேசும் இடம் வருமே, அப்படிப் பல இடங்களில் வாசித்தது சித்திதான். ஆனால் ஒரு படத்திலும் அவள் பெயரைப் போட்டதில்லை.

அவள் வாசிப்பது 'நாரை' எலெக்ட்ரிக் கிட்டார். கோயம்புத்தூரில் சென்னியப்பன் மாமா ஒரு ஷெட் போட்டுச் செய்கிறார். கிட்டாரின் தலை, நாரையின் அலகைப் போல நீண்டு வளைந்திருக்கும். தூரத்தில் பார்த்தாலே இது நாரை என்று தெரிந்துவிடும். சித்தி அந்தக் கம்பெனியின் ஒப்பந்தக் கலைஞர். மேடையிலும் வீடியோவிலும் அவள் நாரையைத்தான் வாசிக்க வேண்டும். பார்ப்பவர்கள் அதைக் கேட்டு வாங்குவார்கள். இந்த வருடம் மாமா, சித்தியின் சின்னக் கைகளுக்குத் தகுந்த மெல்லிய கழுத்து வைத்து ஒரு கிட்டார் செய்கிறார். அதற்குப் பெயரே 'செலின்'. செப்டம்பர் 8 அன்று கோவையில் வெளியீட்டு விழா.

சித்தியின் வீடியோக்களை எடுப்பது நான்தான். இன்றும் ஒன்று எடுத்தோம். பதிவு செய்வதற்கு முன் திரையின் நான்கு மூலைகளையும் பார்ப்பது என் வழக்கம். இன்று வேறொரு மியூசிக் கடையின் காலண்டரைக் கழற்றி வைத்தேன். தண்ணீர் பாட்டிலின் லேபிளைத் திருப்பினேன். கதவில் தொங்கிய துண்டை எடுத்தேன்.

"கழுகுக் கண்ணுடி உனக்கு," என்றாள் சித்தி.

பெருமையாக இருந்தது.

ஜூலை 31

அரிசியில் வண்டு. முறத்தில் கொட்டி வெயிலில் வைத்தேன். இயற்கணிதத்தில் இரண்டு கணக்குகள் வரவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

இன்று மிக முக்கியமான நாள். ஆனால் இதை யாரிடமும் சொல்லக் கூடாது. டைரி யார் என்ற கணக்கில் வராது என்று நினைக்கிறேன்.

'ரெய்ன்ஃபோர்ட்' என்ற வெளிநாட்டு கிட்டார் கம்பெனியிலிருந்து பாலிகா என்ற அதிகாரி பெங்களூரிலிருந்து வந்தார். ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் ரொம்ப நேரம் யோசித்தார். அம்மா செய்த கேசரியைப் பாதி சாப்பிட்டுவிட்டு, "வெரி நைஸ்" என்று மூன்று முறை சொன்னார். சித்தி இனி அவர்களுடைய கலைஞர். உலகம் முழுவதும் அவர்களுக்கு இருக்கும் கலைஞர்களின் வரிசையில் சித்தியின் படமும் பெயரும் வரும். ஜனவரியில் சிங்கப்பூரில் மேடை. செப்டம்பர் 1 அன்று அவர்களே அறிவிப்பார்கள். அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் ஒப்பந்தம் ரத்து.

ஒப்பந்தத்தை நான்தான் சித்திக்கு வாசித்துக் காட்டி, தமிழில் விளக்கினேன். யாருக்கும் சொல்லக் கூடாது என்ற ஷரத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

அவர் போனதும் புதுக் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். கருநீலம். விளக்கு வெளிச்சம் அதன் மேல் நீளமாக வழுக்கியது. ஆசையாகப் பார்த்துவிட்டு, சித்தி முதலில் செய்த காரியம், ஒரு துண்டு கறுப்பு டேப்பை வெட்டி அதன் தலையில் இருந்த கம்பெனிப் பெயர் மேல் ஒட்டியதுதான்.

"ஏன் சித்தி?"

"இதாண்டி எங்க ஆளுங்க வழக்கம். ஒரு கம்பெனில ஒப்பந்தம் இருக்கும்போது வேற கம்பெனி கிட்டார வாசிக்க வேண்டி வந்தா, பேர் மேல டேப் ஒட்டிடணும்."

"ஆனா டேப் ஒட்டியிருக்கிறது தெரியுமே?"

சித்தி சிரித்தாள். "தெரியும். அதான் வேடிக்கை. சும்மா விட்டா ஒருத்தனும் தலையப் பாக்க மாட்டான். டேப்பப் பாத்தாதான், ஓகோ, இவ எதையோ மறைக்கிறான்னு பாப்பான்."

சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பில் செருகாமல் வாசித்தாள். எலெக்ட்ரிக் கிட்டாரைச் செருகாமல் வாசித்தால் கொசு பாடுவது போல மெல்லிய சத்தம்தான் வரும். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. ரொம்ப நேரம் வாசித்தாள்.

ஆகஸ்ட் 4

இட்லிக்கு அரைக்கும்போது கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, கிரைண்டரை நிறுத்திய நேரம் அது.

அம்மா: "சென்னியப்பன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுடி. பாவம், உன் பேர்ல கிட்டார் செஞ்சிட்டிருக்காரு."

சித்தி: "சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா."

"அவரு போய் ஊரெல்லாம் சொல்லப் போறாரா?"

"அவருக்குக் கோவத்துல ஒரு வார்த்தை தவறிப் போச்சுன்னா? பதினாறு வருஷம்க்கா. அந்தப் பாட்டெல்லாம் கல்யாண வீட்ல போடறான், நான் அங்கயே நின்னு பந்தி பரிமாறறேன். ஒருத்தனுக்கும் தெரியாது அது நான்னு. இப்பதான் ஒரு எடத்துல என் பேரு வரப்போகுது."

நான் கிரைண்டரை மறுபடி ஓடவிட்டேன்.

ஆகஸ்ட் 9

சித்தி ரெக்கார்டிங்கில் இருந்தாள். மாமா என் போனுக்குக் கூப்பிட்டார்.

"அம்மிணி, படிக்கிறியா, இல்ல கதைப் பொஸ்தகத்த உள்ளார வெச்சுட்டுப் படிக்கிற மாதிரி நடிக்கிறியா?"

"படிக்கிறேன் மாமா."

"நம்பிட்டேன். ஒரு ஒத்தாசை பண்ணு. கிட்டார் தலையில செலின்னு பேரு செதுக்கோணும். உங்க சித்தி கையெழுத்து கோழி கிளறுனாப்ல இருக்குது. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து எழுதி அனுப்புனியே, அந்த எழுத்துல பேர எழுதிப் போட்டோ புடிச்சு அனுப்பு. அப்படியே செதுக்கிப்போடலாம்."

"என் எழுத்தா மாமா?"

"பின்ன? பேரு அவளுது, எழுத்து உன்றது. மூணு வருசமா ரெண்டு பேரும் சேந்துதான நாரையத் தூக்கி நிறுத்துனீங்க."

என் எழுத்து ஒரு கிட்டாரில்! ஒன்றல்ல, ஒரு தொகுதி முழுக்க. கடைகளில் தொங்கும். யாரோ ஒருவர் அதைத் தடவிப் பார்ப்பார்.

வெள்ளைத் தாளில் இந்தியன் இங்க் கொண்டு எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியவற்றில் 'செ'யின் கொம்பு சரியாக வளையவில்லை. கடைசியில் எழுதியது நன்றாக வந்தது. மிக நன்றாக.

மாமாவுக்கு நான் பொய் எதுவும் சொல்லவில்லை. எழுதித் தரச் சொன்னார், எழுதினேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10

அனுப்பிவிட்டேன். மழை. துணி காயவில்லை.

ஆகஸ்ட் 14

மாமா பேசினார். சித்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை செதுக்க ஆரம்பிக்கிறார்களாம். தலையும் கழுத்தும் ஒரே மரம். செதுக்கிய பிறகு பேரை மாற்ற வழியே இல்லை என்பதால், மரத்தைத் தேடித் தேடி எடுத்தாராம். விழாவில் போட சித்தி ஒரு வாழ்த்து வீடியோ அனுப்ப வேண்டுமாம்.

"பேரு செதுக்கலாந்தான தங்கச்சி? உனக்குச் சம்மதந்தான?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

சித்தி என் யூனிபார்மை மடித்தாள். மடித்ததை உதறி மறுபடி மடித்தாள்.

"உங்க இஷ்டம்ண்ணே," என்றாள்.

போனை வைத்ததும், "செதுக்க வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாரு," என்றாள் என்னிடம். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

ஆகஸ்ட் 15

பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். 'வாய்மையே வெல்லும்' என்ற தலைப்பில் நான் பேசினேன். கைதட்டினார்கள். என் மிட்டாயை வீட்டுக்கு வந்த பிறகும் பிரிக்கவில்லை. பசி இல்லாததால் இருக்கும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வாழ்த்து வீடியோ எடுத்தோம்.

ஹாலில் எடுத்தோம். காற்றாடிச் சத்தம் வரும் என்று அதை நிறுத்தினேன். லென்ஸைத் துடைத்தேன். காலண்டரைக் கழற்றினேன். டீப்பாயில் இருந்த டம்ளரை எடுத்தேன். ஜன்னலில் பல்லி இருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தேன்.

சித்தி நாரையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். "எல்லாருக்கும் வணக்கம். என் பேர்ல ஒரு கிட்டார்..." என்று தொடங்கி, அதற்கு மேல் வரவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். இரண்டாவது முறையும் அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறை சொல்லிவிட்டாள்: "என் பேர்ல ஒரு கிட்டார் செஞ்சது, இதுவரைக்கும் சென்னியப்பன் அண்ணன் மட்டுந்தான்." அது உண்மைதான். அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது முறைக்கு முன் சித்தியை இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னேன். வெளிச்சத்துக்காக.

பீரோ பக்கத்தில் புதுக் கிட்டார் நின்றதை நான் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 17

வீடியோவை மாமாவுக்கு அனுப்பினேன். சாம்பல் நிற டிக். மாமா இன்னும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 18

இன்னும் சாம்பல்தான். கோயிலில் பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று அம்மா கேட்டாள். ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

சாம்பல். காலையில் போனைப் பார்த்தேன். இடைவேளையில் கணக்கு டீச்சரின் போனை வாங்கி மாமாவுக்குப் போட்டுப் பார்த்தேன். எடுத்தால் என்ன சொல்வது என்று யோசித்திருக்கவில்லை. நல்ல வேளை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. (நல்ல வேளை என்று எழுதிவிட்டேன். அடிக்க மாட்டேன்.)

சாயங்காலம் ஷெட்டின் நம்பருக்குப் போட்டேன். அங்கே வேலை செய்யும் அக்கா எடுத்தார். முதலாளி குலதெய்வம் கோயிலுக்குக் கிடா வெட்டப் போயிருக்கிறாராம். மலைமேல் டவர் இல்லை. செவ்வாய் இரவுதான் வருவாராம்.

"ஏதாச்சும் சொல்லோணுமா கண்ணு?"

பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. மரத்தைக் கடையும் சத்தம்.

"ஒண்ணுமில்லக்கா. வீடியோ வந்துச்சான்னு கேக்கத்தான்," என்றேன்.

ஏன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா கேட்டாள். காலாண்டுத் தேர்வு போர்ஷன் குரூப்பில் வரும் என்றேன்.

ஆகஸ்ட் 20

இரவு சாப்பிடும்போது டிக் நீலமானது. தோசையை முழுதும் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

மாமா காலையில் சித்தியைக் கூப்பிட்டார். சித்தி வழக்கம் போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, வீடியோ பாத்தேன். நல்லாருக்குது. பீரோ ஓரத்துல ஒரு கிட்டாரு நிக்குது பாரு, நீல நிறம். அது ஆருதுங்க?"

சித்தி சட்டென்று அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"தலையில டேப்பு ஒட்டியிருக்குது. நம்ம கிட்டாருக்கு ஒட்ட வேண்டியதில்ல. அந்தத் தலை வாட்டத்தப் பாத்தா ரெய்ன்ஃபோர்ட்டுங்களே."

தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போனார்.

"எப்பத்துல இருந்து?"

"மூணாந்தேதி கையெழுத்துப் போட்டேண்ணே. ஒண்ணாந்தேதி வரைக்கும் வெளிய சொல்லக் கூடாது."

"சரி."

"அண்ணே, திட்டிடுங்கண்ணே."

"எதுக்குத் திட்டறது? பெரிய எடம். போகாம இருந்தாத்தான் திட்டியிருப்பேன். உன்ற வாசிப்புக்கு என்ற ஷெட்டு பத்தாதுன்னு எனக்கே தெரியும்." ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "என்ன, ரெண்டு நாள்ல பாதிக்கு மேல பேரு செதுக்கிப்போட்டாங்க. நான் ஊர்ல இல்லாமப் போயிட்டேன். மிச்சத்துல பேரில்லாம விட்டுறலாம். செதுக்குனத விக்க முடியாது. நீ அவிங்க ஆளு ஆயிட்டா உன்ற பேர நான் எப்படி விக்கிறது? தலைய அறுக்கோணும்."

"மூக்கையா?" என்றாள் சித்தி.

"ஆமா. நாரை மூக்கைத்தான்."

அவரே சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. கடைசியில், "நானும் ஒருத்தருகிட்டயும் சொல்லல, பயப்படாத," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தாண்டி. அங்க நிறுத்தினது நாந்தான். பெட்டிக்குள்ள வெச்சிருக்கணும். உன்னயும் இதுல மாட்டி விட்டுட்டேன் பாரு, சாரிடி கண்ணா," என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் கஞ்சி வடிக்கப் போனேன். கையில் கொஞ்சம் சுட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24

பள்ளி நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். இப்படி நடந்ததே இல்லை.

ஆகஸ்ட் 28

இன்று யோசித்தேன். வீடியோ எடுத்த வெள்ளிக்கிழமையே ஒருவர் மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒரு தலையும் செதுக்கப்பட்டிருக்காது. திங்கட்கிழமை ஷெட்டில் இருந்த அக்காவிடம், "செதுக்கறத நிறுத்துங்க, மாமா வரட்டும்," என்று மட்டும் சொல்லியிருந்தாலும் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவர் என்று யாரைச் சொல்கிறேன் என்றால், பொதுவாக.

செப்டம்பர் 1, ஞாயிறு

அறிவிப்பு வந்துவிட்டது. கருநீலக் கிட்டாரோடு சித்தி. டேப்பைப் பிய்த்துவிட்டார்கள். கீழே அவள் பெயர், பெரிய எழுத்தில். அம்மா அழுதாள். கவுண்டரில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று தன் போனில் சேமித்துக்கொண்டாள்.

கருத்துகளை நான் வாசித்தேன். "வாழ்த்துகள் அக்கா" நிறைய. "ஏறின ஏணிய எட்டி ஒதச்சிட்டாங்க" என்று ஒருவர். "நாரை பறந்துடுச்சு" என்று இன்னொருவர். "அந்த வாழ்த்துகள மட்டும் வாசிச்சுக் காட்டு," என்றாள் சித்தி. அவற்றை மட்டும் வாசித்தேன். மற்றவற்றை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கருத்துகளில் என்னைப் பற்றி எதுவும் இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று கோவையில் விழா நடந்திருக்க வேண்டிய நாள். கடைக்காரர்களில் பலர் செலின் என்ற பெயர் இல்லை என்றதும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். மாமா விழாவை நிறுத்திவிட்டு, ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குச் சென்னைக்கு வந்தார். வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார், தோளில் ஒரு கிட்டார் பையோடு.

"முதல்ல செதுக்குனது இதுதான். இத மட்டும் அறுக்க மனசு வரல. விக்கறதுக்கு இல்ல. வெச்சுக்க."

சித்தி பையைத் திறந்தாள். பழுப்பும் சிவப்புமான மரம். நீண்ட அலகு. அதில் என் எழுத்து. 'செ'யின் கொம்பு, நான் எழுதியபடியே வளைந்திருந்தது. ஓரத்தில் பேனா நின்று தடித்த இடத்தைக்கூட விடாமல் செதுக்கியிருந்தார்கள்.

"எழுத்து எவ்வளவு அழகா இருக்கு பாரு," என்றாள் அம்மா என்னைப் பார்த்து.

சித்தி விரலால் கழுத்தைப் பிடித்துப் பார்த்தாள். "எனக்குன்னே செஞ்சதுண்ணே," என்றாள். பிறகு, "வெளிய வாசிக்க முடியாதே," என்றாள்.

"வீட்டுல வாசி. வீட்டுக்குள்ளாற ஒப்பந்தம் வராது."

சாப்பிட்டார். ரசம் இரண்டு முறை கேட்டு வாங்கினார். அம்மாவிடம் ரயில் தாமதமாவது பற்றிச் சண்டை போட்டார், அம்மாதான் ரயிலை ஓட்டுகிறாள் என்பது போல. கிளம்பும்போது, ஆட்டோ பிடித்துத் தர நான் தெருமுனை வரை போனேன்.

"அம்மிணி."

"என்ன மாமா?"

"மூணு வருசமா நீ புடிச்ச வீடியோவப் பாக்கறேன். ஒரு டம்ளரு தப்பா நின்னதில்ல."

நான் தெருவைப் பார்த்தேன். ஆட்டோ எதுவும் வரவில்லை.

"உங்க சித்திகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்." அவர் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒரு போன் போட்டிருக்கலாம் சாமி. என்ற வாயில இருந்து ஒரு வார்த்தை வெளிய வந்திருக்காது. என்னை உனக்கு அவ்வளவுதான் தெரியுமா?"

ஆட்டோ வந்துவிட்டது. ஏறும்போது வழக்கம் போல என் தலையைத் தட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

காலாண்டுத் தேர்வு அட்டவணை கொடுத்தார்கள். முதல் தேர்வு தமிழ். எண்ணெய் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சித்தி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறாள். ஆம்ப்பில் செருகவில்லை. இப்போது யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் செருகவில்லை. மெல்லிய சத்தம்தான் வருகிறது. எந்தக் கிட்டார் என்று கதவுக்கு வெளியே இருந்தே எனக்குத் தெரிகிறது. இந்தக் கழுத்தில் அவள் விரல்கள் எங்கும் தடுக்குவதில்லை.

கதவைத் தட்டினேன். சித்தியிடம் சொல்ல வேண்டியதைக் கடைக்குப் போய் வந்த வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன்.

"என்னடி?" என்றாள். மடியில் அலகு, அதில் என் எழுத்து.

"அந்தக் கறுப்பு டேப் வேணும் சித்தி."

"எதுக்கு?"

"புக்கு கிழிஞ்சிருக்கு."

புத்தகம் எதுவும் கிழியவில்லை. டேப்பை வாங்கி வந்து, ஒரு துண்டு வெட்டி, ஆகஸ்ட் 16-ஆம் தேதி 'நான் கவனிக்கவில்லை' என்று முடித்த கடைசி வரி மேல் ஒட்டினேன். வரியை அடிக்கவில்லை. பக்கத்தைக் கிழிக்கவில்லை. நான் போட்ட விதிகள் எதையும் மீறவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தால் கண் நேராக அங்கேதான் போகிறது. அதற்கு மேலே நான் காலண்டரைக் கழற்றியதும் டம்ளரை எடுத்ததும் பல்லிக்காகக் காத்திருந்ததும் வரிசையாக இருக்கின்றன.

எழுதி முடித்ததும் டைரியை அந்தப் பக்கத்தில் திறந்து ஹால் மேசை மேல் வைக்கப் போகிறேன். காலையில் சித்தி முதலில் எழுந்து அங்கே உட்கார்ந்துதான் காபி குடிப்பாள். திறந்து வைப்பது, டேப்பின் பசை காய்வதற்காக.

டேப்பின் பசை காய வேண்டியதில்லை. அது எனக்குத் தெரியும்.

நாரையின் சத்தம் நின்றுவிட்டது. சித்தியின் கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சமும் போய்விட்டது. அம்மா சமையலறை விளக்கை அணைத்துவிட்டாள். நானும் ஹால் விளக்கை அணைக்கிறேன்.